ஓவர்கிளாக்கிங்: மேசைக் கணினிச் செயலியின் மிகைவேக இயக்கமும் நிலைத்தன்மையும்

ஓவர்கிளாக்கிங் என்பது கணினியின் செயலியை (ப்ராசசர்) அதன் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் இயக்குவதாகும். தமிழில் இதனை மிகைவேக இயக்கம் எனலாம். புதிய செயலி வாங்காமல், தாய்ப்பலகையின் (மதர்போர்டு) பயாஸ் பக்கத்தில் சில எண்களை மாற்றியே இதைச் செய்ய முடியும் என்பதால் மாணவர்களுக்கு இதில் ஆர்வம் அதிகம். எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. மாற்றிய வேகத்தில் கணினி பிழையில்லாமல் கணக்குப் போடுகிறதா என்று உறுதி செய்வதற்குச் சில நாட்கள் ஆகும். இக்கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

எடுத்துக்காட்டுகள் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தை ஒட்டித் தரப்பட்டுள்ளன. பெங்களூரு எஸ்.பி. ரோடு (சதர் பத்ரப்பா சாலை) சந்தையில் பாகங்களை வாங்கி வந்து தாமே கணினி கோக்கும் இளைஞர்களை இங்கே பார்க்கலாம். குளிர்ந்த மேட்டு நிலமும் வெயில் சுடும் சமவெளியும் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பதும் இந்தப் பாடத்துக்கு வசதியாக அமைகிறது.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில்தான் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்து பார்த்தால் அரிசியளவே உள்ள ஓர் உலோகக் குப்பி தெரியும். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு. எனவே பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். அதுதான் நொடி முள்ளை நகர்த்துகிறது.

கணினியின் தாய்ப்பலகையிலும் இதே வகைப் படிகம் உண்டு. நேரம் காட்டுவதற்கென்று 32,768 ஹெர்ட்ஸ் படிகம் ஒன்றும், செயலிக்கு அடிப்படையாக மெகாஹெர்ட்ஸ் அளவில் அதிரும் மற்றொன்றும் இருக்கும். கைக்கடிகாரத்தில் அதிர்வெண்ணைப் பாதி பாதியாகக் குறைக்கிறார்கள். கணினியில் அதைப் பெருக்குகிறார்கள். இன்றைய மேசைக் கணினிகளில் முதலில் 100 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள அடிப்படைக் கடிகாரம் உருவாக்கப்படுகிறது. செயலி அதைத் தனக்குள் ஒரு பெருக்கியால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கி 42 என்றால் 4,200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.2 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 45 ஆக்கினால் 4.5. ஓவர்கிளாக்கிங் என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

இந்த வேகங்கள் எவ்வளவு குறுகிய நேரத்தைக் குறிக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் 0.2 நானோநொடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் செல்லும் ஒளியே 6 செ.மீ. தூரம்தான் போக முடியும். சில்லுக்குள் உள்ள மின்சமிக்ஞை அதைவிட மெதுவாகச் செல்வது. போகும் வழியில் பல டிரான்சிஸ்டர்களையும் அது கடக்க வேண்டும்.

பிழை எப்படி நேர்கிறது?

வாகனத் தொழிற்சாலை ஒன்றின் அசெம்பிளி லைனை நினைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட இடைவெளியில் மணி அடிக்கிறது. அடித்தவுடன் வண்டி ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர்கிறது. ஒவ்வொரு நிலையிலும் நிற்பவர் இரண்டு மணிகளுக்கு நடுவில் தன் வேலையை முடித்துவிட வேண்டும். ஒரு நிலையில் வேலை 50 நொடியில் முடிகிறது, மற்றொன்றில் 57 நொடி ஆகிறது என்றால், நிர்வாகம் மணியை 60 நொடிக்கு ஒரு முறை வைக்கும். மிச்சம் வைத்த அந்த 3 நொடி, கை தவறினாலோ ஸ்பேனர் நழுவினாலோ சமாளிப்பதற்கு.

செயலியின் தயாரிப்பாளரும் அப்படித்தான் செய்கிறார். சில்லின் உள்ளே எந்தப் பாதையில் சமிக்ஞை போய்ச் சேர மிக அதிக நேரம் ஆகிறதோ, அதற்கு ஏற்பவே கடிகார வேகம் குறிக்கப்படுகிறது. கோடைக்கால வெப்பம், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம், சில ஆண்டுகளில் டிரான்சிஸ்டர்களுக்கு வரும் மூப்பு ஆகியவற்றுக்காக அதன்மேல் கொஞ்சம் மிச்சமும் வைக்கப்படுகிறது. ஓவர்கிளாக்கிங் செய்பவர் எடுத்துச் செலவழிப்பது இந்த மிச்சத்தை. ஒரே மாதிரி எண்ணுள்ள இரண்டு செயலிகளில் மிச்சம் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒன்று 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகத் தாங்கும், மற்றது தாங்காது. ஆர்வலர்கள் இதைச் சிலிக்கான் லாட்டரி என்பார்கள். நண்பனின் கணினியில் வேலை செய்த எண்களை அப்படியே தன் கணினியில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

மணியை 55 நொடிக்கு மாற்றினால் என்ன ஆகும்? 57 நொடி வேண்டியவர் நட்டைப் பாதி முறுக்கியிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிடும். லைன் நிற்காது. அடுத்த நிலையில் இருப்பவருக்கு அந்த நட்டைப் பற்றித் தெரியாது. செயலியிலும் இதுவே நடக்கிறது. சமிக்ஞை வந்து சேர்வதற்கு முன் துடிப்பு அடித்துவிட்டால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகிறது. கணக்கு தொடர்ந்து ஓடுகிறது. அந்தப் பிழை இயங்குதளத்தின் முக்கியமான இடத்தில் விழுந்தால் நீலத்திரை வந்து கணினி நின்றுபோகும். அது நல்ல விதி என்றே சொல்ல வேண்டும். ஒரு படத்தின் புள்ளியிலோ கணக்கின் ஓர் இலக்கத்திலோ விழுந்தால் யாருக்கும் தெரியாமல் கோப்பில் சேமிக்கப்பட்டுவிடும்.

படிகத்தை மாற்றிய காலமும் பென்சில் காலமும்

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. அதை மூன்றால் வகுத்துக் கிடைத்த 4.77 மெகாஹெர்ட்ஸில் 8088 செயலி ஓடியது. 1984-இல் வந்த பி.சி. ஏ.டி. 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் கழற்றி மாட்டும்படி இருந்தது. சிலர் அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகி 8 மெகாஹெர்ட்ஸ் வேகம் பெற்றார்கள். ஐ.பி.எம். பின்னர் பயாஸில் வேகத்தைச் சோதிக்கும் நிரலைச் சேர்த்து அதைத் தடுத்தது. வாடிக்கையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான இழுபறி அன்றே தொடங்கிவிட்டது.

1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இத்துறையில் ஒரு பழங்கதையாகவே ஆகிவிட்டது. அதன் பெருக்கி 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. அடிப்படைக் கடிகாரம் 66 மெகாஹெர்ட்ஸ். தாய்ப்பலகையில் அதை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடியது. ஒன்றரை மடங்கு! அதே ஆண்டில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-க்குப் பல மடங்கு விலை. மலிவான செயலி விலையுயர்ந்ததற்கு ஈடுகொடுத்த இந்தக் கதைதான் ஓவர்கிளாக்கிங் பற்றிய எதிர்பார்ப்பை இன்றுவரை ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் ஏ.எம்.டி.யின் அத்லான், டியூரான் செயலிகளின் மேற்பரப்பில் துண்டிக்கப்பட்ட சிறு இணைப்புகள் இருந்தன. சாதாரண பென்சிலால் அவற்றின் மேல் கோடு இழுத்தால் பெருக்கியின் பூட்டு திறந்துகொள்ளும். பென்சில் முனையில் உள்ளது ஈயம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது கிராஃபைட், கரியின் ஒரு வடிவம், மின்சாரத்தைக் கடத்தும். பத்தாம் வகுப்பு வேதியியலில் வரும் செய்தி இது.

பெருக்கியைத் தயாரிப்பாளர்கள் பூட்டியதற்கு வணிக நோக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. 1990-களில் குறைந்த வேகச் செயலியின் மேலுள்ள எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடிய வேகத்தை அச்சிட்டு விற்கும் மோசடி பல நாடுகளில் நடந்தது. வாங்கியவர் தன் கணினி ஓவர்கிளாக் செய்யப்பட்டிருப்பதை அறியாமலே அடிக்கடி நின்றுபோகும் கணினியோடு மல்லுக்கட்டினார்.

2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் செயலிகளில் அடிப்படைக் கடிகாரம் மற்ற பாகங்களோடும் பிணைக்கப்பட்டதால் அதைத் தொட முடியாமல் போனது. பெயரின் இறுதியில் 'கே' உள்ள ஐ5-2500கே போன்றவற்றில் மட்டும் பெருக்கி திறந்திருந்தது. இன்டெல்லில் இன்றும் ஏறத்தாழ இதே நிலை; 'இசட்' வரிசைத் தாய்ப்பலகையும் வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன. ஆனால் 'ஏ' வரிசை மலிவுத் தாய்ப்பலகைகளில் வேகம் கூட்ட இடமில்லை. வாங்கும் முன் செயலி, பலகை இரண்டின் பெயரையும் பார்க்க வேண்டும்.

திரவ நைட்ரஜன், திரவ ஹீலியம் ஊற்றிச் சாதனை படைப்பது வேறு விளையாட்டு. 2011-இல் ஏ.எம்.டி. எஃப்எக்ஸ் செயலி 8.429 கிகாஹெர்ட்ஸையும், 2022-இல் இன்டெல் ஐ9-13900கே 9 கிகாஹெர்ட்ஸையும் தொட்டன. சில நொடிகள் நின்றாலே சாதனை என்று எழுதப்படும் இந்த எண்களுக்கும் அன்றாட நிலைத்தன்மைக்கும் தொடர்பில்லை.

மின்னழுத்தமும் வெப்பமும்

அசெம்பிளி லைனில் ஆட்களை வேகமாக வேலை செய்யவைக்க ஒரு வழி உண்டு. சில்லில் அதற்கு இணையானது மின்னழுத்தத்தைக் கூட்டுவது. கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூடுகின்றன. முன்பு தவறிய வேகமும் கைகூடுகிறது. அதற்கான விலை வெப்பமாக வருகிறது.

செயலி உண்ணும் திறன், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. வேகத்தை 10% கூட்ட, மின்னழுத்தத்தையும் 10% கூட்ட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது திறன் 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.331 மடங்கு. பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவீதக் கூடுதல் வெப்பம். சில்லுக்குள் உள்ள மின்கசிவையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்தவர்கள் அடுத்தடுத்து மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகமாட்டார்கள்.

மின்னோட்டத்தின் அளவு பலரையும் வியக்கவைக்கும். 1.2 வோல்ட்டில் 120 வாட் திறன் என்றால் 100 ஆம்பியர். வீட்டில் வாட்டர் ஹீட்டருக்கே 16 ஆம்பியர் பிளக் போதும்! இவ்வளவு மின்னோட்டம் செல்லும் வழியில் 1 மில்லிஓம் மின்தடை இருந்தால்கூட, ஓமின் விதிப்படி 0.1 வோல்ட் அங்கேயே இறங்கிவிடும். பயாஸில் 1.30 என்று போட்டும் முழுச் சுமையில் செயலிக்கு 1.20 மட்டுமே கிடைப்பது இதனால் நேரலாம். சும்மா இருக்கும்போது நன்றாக ஓடிய கணினி, சுமை ஏறியதும் நின்றுபோவதற்கு இது முக்கியக் காரணம். இந்த இறக்கத்தை ஈடுகட்டத் தாய்ப்பலகைகளில் 'லோட்-லைன் கேலிப்ரேஷன்' என்ற அமைப்பு உண்டு. அதை உச்சத்தில் வைத்தால் சுமை சட்டென விலகும் நொடியில் மின்னழுத்தம் எகிறும். நடுத்தர அளவில் வைப்பதே பாதுகாப்பு. பலகையில் செயலியைச் சுற்றியுள்ள மின்னழுத்தச் சீராக்கிகளின் மேல் அலுமினிய வெப்பத்தணிப்பான் (ஹீட் சிங்க்) இல்லையென்றால், அந்தப் பலகையில் ஓவர்கிளாக்கிங் வேண்டாம்.

ஓசூர் ஜனவரி, கிருஷ்ணகிரி மே

காற்றுக் குளிர்விப்பான் எதுவும் செயலியை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஒரு குறிப்பிட்ட திறனுக்கு அது அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் செயலியை வைத்திருக்கும். ஜனவரியில் 22 டிகிரி அறையில் முழுச் சுமையில் 78 டிகிரி காட்டிய செயலி, அறையைவிட 56 டிகிரி மேலே இருக்கிறது. அதே அமைப்பு மே மாதப் பிற்பகலில் 36 டிகிரி அறையில் 92 டிகிரிக்கு வந்துவிடும். இன்டெல் செயலிகளில் பலவற்றுக்கு 100 டிகிரியும், 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. எல்லையைத் தொட்டால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குச் சற்று முன்பே, வெப்பத்தால் மெதுவாகிப்போன பாதைகளில் பிழை தொடங்கிவிடலாம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது; கிருஷ்ணகிரி நகரம் சுமார் 500 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கின்படி, இந்த இறக்கத்திலேயே இரண்டரை டிகிரி கூடுகிறது. மலைகள் சூழ்ந்த கிருஷ்ணகிரியில், கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே உள்ள அறையில் உண்மையான வேறுபாடு இன்னும் அதிகமாகவே இருக்கும். ஓசூரில் தங்கிப் படித்தபோது டிசம்பரில் சோதித்து முடித்த கணினியை, விடுமுறைக்குக் காவேரிப்பட்டணத்துக்கோ ஊத்தங்கரைக்கோ கொண்டுபோனால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

உயரத்துக்கு ஒரு பாதகமும் உண்டு. 900 மீட்டர் உயரத்தில் காற்று, கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே வேகத்தில் சுழலும் விசிறி தள்ளும் காற்றின் நிறையும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஓசூரின் குளிர்ச்சி இதை ஈடுகட்டிவிடுவதால் நடைமுறையில் யாரும் கவனிப்பதில்லை.

கவனிக்க வேண்டியது தூசி. கருங்கல் வெட்டி மெருகேற்றும் பட்டறைகள், லாரிகள் ஓயாது ஓடும் நெடுஞ்சாலை, தொழிற்பேட்டைச் சாலைகள் ஆகியவற்றின் அருகே உள்ள வீடுகளில் குளிர்விப்பானின் தகடுகளுக்கு இடையில் சில மாதங்களிலேயே தூசிப்படலம் கட்டிவிடும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதித் துடைக்க வேண்டும். செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். பட்டாணியளவு புதிதாக வைத்தால் போதும். நிறைய வைத்தால் நன்மை என்பது தவறு.

மின்சாரம் பற்றி ஒரு சொல். பெரிய மோட்டார்களும் வெல்டிங் இயந்திரங்களும் உள்ள தெருக்களில் மின்னழுத்தம் விழுந்து எழும். தரமான எஸ்.எம்.பி.எஸ். இதைத் தாங்கிக்கொள்ளும், பெயர் தெரியாத மலிவான ஒன்று தாங்காது. கணினி நின்றுபோனால் செயலியைத்தான் முதலில் சந்தேகிப்போம், குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ். ஆக இருக்கலாம். மூன்று முனை பிளக்கில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுவது நல்லது.

செய்யும் முறை

முதலில் எதையும் மாற்றாமல் இருக்கும் நிலையிலேயே கணினியைச் சோதித்து, முழுச் சுமையில் வெப்பநிலை, வேகம், மின்னழுத்தம் மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அறை வெப்பநிலையையும் எழுத வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்த நிலையிலேயே 90 டிகிரியைத் தாண்டினால், குளிர்விப்பானைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பொருளில்லை. முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பெருக்கியை ஒரே ஒரு படி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூட்ட வேண்டும். சோதனை. சரியென்றால் இன்னொரு படி. தவறும் இடத்தில் மின்னழுத்தத்தை 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டி மறுபடி சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் பின்பற்றும் அதே ஒழுங்குதான். எந்த மின்னழுத்தம் வரை போகலாம் என்பது செயலிக்குச் செயலி மாறும். பழைய தலைமுறைக்குப் பொருந்திய எண் புதியதற்குப் பொருந்தாது. திரை வராமல் போய்விட்டால் பயப்பட வேண்டாம். பலகையில் உள்ள 'கிளியர் சிமாஸ்' முனைகளைச் சில நொடி இணைத்தாலோ, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு நாணயம் போன்ற பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டினாலோ பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

சோதனைக்குப் பலரும் பயன்படுத்துவது பிரைம்95. மிகப்பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல் இது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடுகிறது. கணினி நின்றுபோகாமல் விடை மட்டும் தவறினாலும் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் இதன் அருமை. நினைவகத்துக்கு (ராம்) மெம்டெஸ்ட்86 தனியே உண்டு. நினைவகத்தின் 'எக்ஸ்எம்பி' அமைப்பை இயக்குவதும் ஒருவகை ஓவர்கிளாக்கிங்தான். அதை அணைத்துவிட்டுச் செயலியைச் சோதித்து முடித்த பிறகே இயக்க வேண்டும்.

ஒரு மணி நேரச் சோதனையில் தேறியதை நிலையானது என்று நான் ஏற்கமாட்டேன். ஓர் இரவு முழுதும் ஓட வேண்டும். பிறகு மதியம் இரண்டு மணிக்கு, மின்விசிறியும் இல்லாமல், கதவைச் சாத்திவைத்து ஒரு முறை ஓட வேண்டும். அதன்பின் சில நாட்கள் வழக்கமான வேலை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வன்பொருள் பிழை என்று ஏதேனும் பதிவாகியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். செயலி தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட பிழைகளும் அங்கே பதிவாகும். ஒரே ஒரு பதிவு இருந்தாலும் ஒரு படி இறங்கிவிடுவதே முறை. எல்லாம் தேறினாலும் கடைசிப் படியிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து வைத்துக்கொள்வது என் பரிந்துரை. அந்த 100-ஐ இழந்ததை எந்தக் கண்ணாலும் காண முடியாது.

முழுச் சுமைச் சோதனை மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய செயலிகள் ஒரே ஓர் உட்கரு (கோர்) மட்டும் வேலை செய்யும்போதுதான் தம் உச்ச வேகத்தைத் தொடுகின்றன. ஆகவே ரைசன் செயலிகளில் மின்னழுத்தத்தைக் குறைத்துவைப்பவர்களுக்கு, இரவு முழுதும் பிரைம்95-இல் தேறிய கணினி மறுநாள் சாதாரணமாகத் தட்டச்சு செய்யும்போது அணைந்து எழுவது நடக்கிறது. ஒவ்வோர் உட்கருவாகத் தனித்தனியே சோதித்தால்தான் இது பிடிபடும்.

சத்தமில்லாத பிழை

ஓவர்கிளாக் செய்யாத, தொழிற்சாலை வேகத்திலேயே ஓடும் செயலியும் தவறலாம். 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் தரவு மையத்தில் கண்ட ஒரு பிழையை வெளியிட்டார்கள். கோப்புகளை விரித்து எழுதும் ஒரு வேலையில் சில கோப்புகள் காணாமல் போயின. தேடிக்கொண்டே போனபோது, ஒரு கணினியின் ஒரே ஓர் உட்கரு மட்டும் 1.1-இன் 53-ஆம் அடுக்கின் முழுஎண் பகுதியை 0 என்று சொல்லியது. சரியான விடை 156. மற்ற கணக்குகளில் பலவற்றை அதே உட்கரு சரியாகவே செய்தது. கோப்பின் அளவு 0 என்று வந்ததால் கோப்பே இல்லை என்று நிரல் முடிவு கட்டிவிட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

ஓசூர் வட்டாரத்தில் இது வெறும் கதையாக இருக்க முடியாது. இங்கே கேட், கேம் மென்பொருளில் உதிரிபாகம் வரைபவர்களும், சி.என்.சி. இயந்திரத்துக்கு நிரல் எழுதுபவர்களும், அதைப் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர்களும் ஏராளம். விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் நட்டமில்லை. வெட்டும் கருவி செல்ல வேண்டிய பாதையில் ஓர் இலக்கம் மாறினால் அச்சு உலோகமோ கருவியோ போய்விடும். ஒரு பாகம் தாங்கும் சுமையைக் கணக்கிடும் வேலையில் மாறினால் அது யாருடைய வண்டிக்குள் போகும் என்று தெரியாது. பிழைப்புக்கான கணினியிலும் கல்லூரி இறுதியாண்டுத் திட்டம் இருக்கும் கணினியிலும் ஓவர்கிளாக்கிங் செய்யவே கூடாது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தயாரிப்பாளரே எல்லையில் நின்றபோது

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைக் கோர் மேசைக் கணினிச் செயலிகள் 2022, 2023 ஆண்டுகளில் வந்தன. அவற்றில் ஒரு வகை தொழிற்சாலையிலிருந்தே 6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொட்டது. சில மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு பலருடைய கணினிகளில் விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றுபோயின. திரையில் வந்த செய்தி, வீடியோ நினைவகம் போதவில்லை என்பது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியும் பயனில்லை. சுருக்கப்பட்ட தரவை விரிக்கும் கணக்கில் செயலி தவறியதால் எழுந்த பிழை, வேறொரு பாகத்தின் பெயரில் வந்து நின்றது.

2024 ஜூலையில், மைக்ரோகோடு தவறுதலாக அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றது ஒரு காரணம் என்று இன்டெல் அறிவித்தது. தாய்ப்பலகைத் தயாரிப்பாளர்கள் தாமாகவே தளர்த்திவைத்த மின்வரம்புகளும் காரணங்களில் சேர்ந்தன. உட்கருவுக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று, கூடிய மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் மூப்படைந்தது என்று செப்டம்பரில் விளக்கம் வந்தது. பயாஸ் புதுப்பிப்புகள் மேலும் பாதிப்பு வராமல் தடுத்தன. ஏற்கெனவே மூப்படைந்த சில்லை அவற்றால் மீட்க முடியவில்லை. இன்டெல் உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இந்தத் தலைமுறைச் செயலி வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதில் வேகம் கூட்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

இன்று பயன் உண்டா?

செலரான் காலத்து ஒன்றரை மடங்கு இனி கிடைக்காது. இன்றைய செயலிகள் வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கையால் கூட்டினால் ஐந்து சதவீதம் அளவே கிடைக்கும். 60 வாட் கூடுதலாக உண்ணும் கணினியை நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 9 யூனிட் மின்சாரம். ஓவர்கிளாக்கிங்கால் நேர்ந்த பழுதுக்கு இன்டெல்லோ ஏ.எம்.டி.யோ உத்தரவாதம் தருவதில்லை. அதற்கெனத் தனியே விற்றுவந்த பாதுகாப்புத் திட்டத்தையும் இன்டெல் 2021-இல் நிறுத்திவிட்டது.

நம் கோடைக்கு எதிர்த்திசை வேலைதான் பொருத்தம். மேலே கண்ட மும்மடிக் கணக்கைத் திருப்பிப் போட்டால், செயலியின் திறன் வரம்பை 25% குறைத்தால் வேகம் ஏறத்தாழ 9% மட்டுமே குறையும். அறை சூடு குறையும், விசிறிச் சத்தம் அடங்கும், வேகம் வெயிலுக்கு ஏற்ப ஏறி இறங்காது. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் கையில் இருந்தால் நல்ல குளிர்விப்பானோ கூடுதல் நினைவகமோ வாங்கலாம். இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓடும் கணினிக்கு எஸ்.எஸ்.டி. தரும் மாற்றத்தை எந்த ஓவர்கிளாக்கிங்கும் தராது. கற்றுக்கொள்வதற்காகச் செய்து பார்க்க விரும்புபவர்கள், போனால் போகட்டும் என்ற விலையுள்ள பழைய செயலியில் செய்யலாம். ஓமின் விதியையும் அதிர்வெண்ணையும் இவ்வளவு நேரடியாகத் தொட்டுப் பார்க்க வேறு கருவி எளிதில் அகப்படாது.

பழைய செயலி வாங்கும்போது

பயன்படுத்திய செயலிகள் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. முந்தைய உரிமையாளர் அதை எந்த மின்னழுத்தத்தில் எத்தனை ஆண்டு ஓட்டினார் என்பது சில்லின் மேல் எழுதியிருக்காது. கடைக்காரரிடம், இயல்பு அமைப்பில் வைத்து அரை மணி நேரமாவது பிரைம்95 ஓட்டிக் காட்டும்படி கேட்கலாம். ஓட்டிக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். மாற்றித்தரும் காலம் எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி ஊர் வந்து சேர்ந்த அன்றே, எக்ஸ்எம்பி அணைத்த நிலையில், ஓர் இரவு முழுதும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இயல்பு வேகத்திலேயே பிழை காட்டி, 100 அல்லது 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்தால் மட்டும் சரியாக ஓடும் செயலி, மூப்படைந்த செயலி. குறைத்து வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னாலும், கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.